ஏபிசி நிர்வாகக் குழுவுக்கு ஒரு பேப்பர் ஏஜென்ட் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். 1948 முதல் பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்துவரும் ஏபிசிக்கு (Audit Bureau of Circulations) 'மொத்தப் பிரதிகள்', அதாவது bulk பிரதிகள் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கல்லூரி, ஓட்டல், ஜவுளிக்கடை என்று சலுகை விலையில் கட்டுக்கட்டாகப் போகிறவை. கேட்பது ஒன்றுதான்: அவற்றையும் வீட்டுக்குப் போகும் பேப்பரையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்ட யாரையும் விடாதீர்கள்.

இந்த மே மாதம் நடந்தது இது. எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு நான்தான் கட்டு இறக்குகிறேன். தேர்வு முடிந்து விடுதியைப் பூட்டிவிட்டார்கள். பிரதியைக் குறைக்கச் சொல்லிப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ஜூன் முடியட்டும், ஜனவரி–ஜூன் ஆடிட் இருக்கு" என்றார்கள். வாட்ச்மேன் தினமும் வாங்கி மாடிப்படிக்கு அடியில் அடுக்கினார். மேல் சீட்டில் என் ஏஜென்சி பெயரும் பிரதி எண்ணிக்கையும் அப்படியே இருக்க, கட்டிய நார்கூட அறுபடாமல் எல்லாம் எடைக்குப் போயிற்று. பில் இருக்கிறது, பணம் கட்டிய கணக்கும் இருக்கிறது. எந்த ஆடிட்டர் வந்தாலும் குறை சொல்ல முடியாது.

அதே மாதம் கோடை மழையில் பேப்பர் நனைந்துவிட்டதென்று ஒரு வீட்டம்மா அந்த ஒருநாள் காசைக் கழித்துக்கொண்டார். நியாயம்தான், படிக்கிறவர் கேட்பார். அவரும் அந்த மாடிப்படியும் கணக்கில் ஒன்றா?

பிரிட்டனில் விமானம், ஓட்டல்களில் இலவசமாகக் கொடுக்கப்பட்ட பிரதிகளை அங்குள்ள தணிக்கை அமைப்பு தனியாகக் காட்டியது. கார்டியன் பத்திரிகை 2009-லேயே அந்த வியாபாரத்தை விட்டுவிட்டது. இங்கே கடைவீதியில் விளம்பரம் கொடுக்கிறவர் இப்படிக் கூட்டிய எண்ணை நம்பித்தான் பணம் கட்டுகிறார். அரசு விளம்பரக் கட்டணமும் விற்பனைக் கணக்கை வைத்துத்தான். ஆண்டுச் சந்தாவுக்குப் பையும் பாத்திரமும் கொடுத்து ஆள் பிடிக்கும் காலம் இது. பேசாமல் எடைக்கடைக்காரரையே சந்தாதாரராகச் சேர்த்துவிடலாம், மாதம் தவறாமல் வாங்குகிறவர் அவர்தானே!

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். வரும் ஜூலை–டிசம்பர் தணிக்கையிலாவது மொத்தப் பிரதிகள் தனி வரியில், வாங்கியவர் உண்மையில் கொடுத்த விலையோடு வரட்டும். வீட்டுப் பிரதியோடு கூட்ட வேண்டாம். அப்புறம், திடீர் சோதனைக்கு வரும் உங்கள் ஆட்களைக் கல்லூரி விடுமுறை நாட்களில் விடுதிகளுக்கும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாளிதழ் ஏஜென்ட்