வாத்தியாரின் படங்களைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். கண்காட்சிக்கென்று எங்கள் டிராயிங் வாத்தியாரின் வீட்டிலிருந்து நீங்கள் வாங்கிச் சென்ற படங்களின் பட்டியல் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. அவர் காலமான பிறகு அவருடைய துணைவியார் எழுதிய கடிதங்களும் அதில்தான் இருக்கும். சென்ற வாரம் உங்கள் கிடங்கில் அந்தப் படங்களைக் கண்ணால் பார்த்துவிட்டதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, பீரோவின் மேல் போட்டிருக்கிறீர்கள். ரப்பர் உருகித் தாளோடு ஒட்டியிருந்தது. பிரித்தபோது செங்காந்தள் படத்தின் நடுவே தாள் தோலாக உரிந்து வந்தது. மூலனூர்ப் பக்கம் ஒரு வேலியோரத்துக்குத் தொடர்ந்து சைக்கிளில் போய், ஒரே பூவை அவர் வரைந்த படம் அது. மலரும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு மேலிருந்து இறங்கும் சிவப்பு, கடைசியில் இதழ் முழுதும் சிவப்பு: எல்லா நிலையும் ஒரே தாளில். உலர்த்திப் பாடம் செய்த செடியில் அந்த நிறம் நிற்காது. அதனால்தான் வரைந்தார். நம் மாநிலப் பூ ஐயா அது!

ஒவ்வொரு தாளின் பின்புறமும் ஊர், மாதம், மழை பெய்த விவரம் எல்லாம் பென்சிலில் எழுதியிருப்பார். காங்கேயம், வெள்ளகோவில் கொறங்காடுகளில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலங்களில், கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே என்னென்ன பூத்தன என்பதற்கு அந்த எழுத்து சாட்சி. இப்போது அதன்மேல் பூஞ்சை படர்ந்திருக்கிறது. படங்களைத் திருப்பித் தாருங்கள்.

கிளுவைச் செடியாலான உயிர்வேலியை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். கொறங்காடு மனைகளாகிறது. சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்து ஆவாரஞ்செடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பொங்கலுக்கு முன் வீட்டு வாசலில் செருகும் காப்புக்கட்டுக்குப் பூளைப்பூவைக்கூடச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம். உங்கள் அலுவலக வாசலிலோ துலிப் பூக்கள் போட்ட பிளக்ஸ் தொங்குகிறது. இந்த மண்ணின் பூக்கள் உள்ளே மட்கிக்கொண்டிருக்க, இதைப் பார்த்துக்கொண்டு எப்படித் தினமும் உள்ளே போய் வருகிறீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். படங்களைத் திருப்பித் தாருங்கள். அதுவரை சுருட்டாமல், தட்டையாக, ஈரமில்லாத அறையில் வையுங்கள். அந்த அம்மாவால் இனி உங்கள் படியேறி வர முடியாது. நாங்களே வண்டியோடு வருகிறோம். தயவுசெய்து ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அவரிடம் படித்த மாணவி