2024–25 ஆண்டறிக்கை: நம் கையால் கட்டிய விமானங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். நம் மாதிரி விமானச் சங்கத்தின் பணத்தில், ரிமோட்டில் பறக்கும் ரெடிமேட் விமானம் வாங்குவதில்லை. மோட்டார், சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்), ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி), பேட்டரி மாதிரியான மின்சாமான்கள் தவிர மற்றதையெல்லாம் நாமே வரைந்து, வெட்டி, ஒட்டிக் கட்டுவது என்று. மூத்த உறுப்பினர்கள் சிலர் அப்போது தயங்கினார்கள். புதிதாக வரும் பையன்கள் உடனே பறக்கவிடத்தான் ஆசைப்படுவார்கள், வாரக்கணக்கில் ஃபோம் வெட்டச் சொன்னால் ஓடிவிடுவார்கள் என்பது அவர்கள் கவலை. யாரும் ஓடவில்லை. கடையில் வாங்கிய விமானம் விழுந்து உடைந்தால் பலருக்கு அத்தோடு ஆர்வமே போய்விடுகிறது. தானே கட்டியவனோ மறுநாள் சாயங்காலம் உடைந்த மூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்து நிற்கிறான். எந்தத் துண்டை எங்கே ஒட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இந்தத் தீர்மானத்தை அடுத்த ஆண்டும் தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திருப்பாதிரிப்புலியூர் மாடியில் நடந்த ஞாயிறு வகுப்புகளுக்கு ஒரே ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டோம். இறக்கை நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். பேட்டரியோடு மொத்த எடை 800 கிராமைத் தாண்டக்கூடாது. அப்படியென்றால் ஒரு சதுர டெசிமீட்டர் இறக்கைக்குச் சுமார் 33 கிராம்தான் பாரம். மெதுவாகப் பறக்கும், பழகுகிறவனுக்கு யோசிக்க நேரம் கொடுக்கும். 2212 அளவு 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், 10 அங்குல புரொப்பல்லர், மூன்று செல் 2200 எம்.ஏ.ஹெச். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 9 கிராம் சர்வோக்கள். எல்லாமே ஆன்லைனில் சுலபமாகக் கிடைப்பவை.

இறக்கை வளைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 5 மில்லிமீட்டர் ஃபோம் தாளை அப்படியே மடக்கினால் படக்கென்று ஒடிந்துவிடும். மேசை விளிம்பில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தியபடி, முன்விளிம்புப் பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப இழுத்துத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தாள் வளைவை ஏற்றுக்கொள்ளும். நடுவே மூங்கில் பிளாச்சை வைத்து மூடி ஒட்டினால், மேலே வளைவும் அடியில் தட்டையுமாக, கிளார்க் ஒய் என்னும் இறக்கைக் குறுக்குவெட்டு வடிவத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். 1922இல் வந்த வடிவம் அது. பழகுவதற்கான மாதிரி விமானங்களில் இன்றும் அதைத்தான் விரும்பிப் போடுகிறார்கள். மூங்கில் பிளாச்சு சீவித் தந்தவர் பண்ருட்டியிலிருந்து வரும் நம் உறுப்பினர். கார்பன் குழாய்க்குச் செலவழிக்க இருந்த பணம் அவரால் மிச்சமானது. சர்வோவையும் வாலையும் இணைக்கும் கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் போதுமானதாக இருந்தது. சூப்பர் குளூவும் ஸ்ப்ரே பெயின்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பதைப் பிள்ளைகள் ஒரு துண்டில் தாங்களே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அப்புறம் யாரும் ஹாட் குளூவை விட்டு நகரவில்லை.

கட்டி முடித்ததும் எடை நடுவம் பார்ப்பது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டருக்குள் அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) லேசாகத் தொட்டாலே மூக்கு எகிறும், பிடித்து நிறுத்த முடியாது. இதற்காக மூக்கில் ஈயம் கட்டவேண்டாம், பேட்டரியை முன்னால் தள்ளினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்று, புரொப்பல்லர் சுழற்சியின் எதிர்விசை விமானத்தை இடது பக்கம் சாய்க்கும். மோட்டாரின் இடப்பக்கத் திருகுகளுக்கு அடியில் வாஷர் கொடுத்து இரண்டு மூன்று டிகிரி வலப்பக்கம் திருப்பி வைத்தோம்.

ஆவணியில் ஒரு வருத்தமான சம்பவம். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் அழகாகக் கட்டிய விமானம் கையை விட்டுக் கிளம்பிய சில நொடிகளில் தரையில் குத்தியது. எய்லரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல், தலைகீழாக வேலை செய்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். விமானத்துக்குப் பின்னால் நின்று ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ள வேண்டும். வலது எய்லரான் மேலே எழ வேண்டும். இதை இன்னொருவர் பார்த்துச் 'சரி' என்று சொன்ன பிறகுதான் எறிவது. அந்த மாணவரின் விமானம் புது மூக்கோடு மறுபடி பறந்தது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததும் நீங்கள் எல்லோரும் அனுபவித்தது. மாடிக் கூரை ஒழுகி பால்சா என்னும் லேசான மரக்கட்டைகளும் பிளைவுட்டும் ஊறி முறுக்கிக்கொண்டன. ஃபோம் தாள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உறுப்பினர்கள் பலர் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருந்ததால் டிசம்பரில் வகுப்பு நடத்தவில்லை.

பறக்கவிடும் இடம் பற்றி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஏன் விடுவதில்லை என்று பலரும் கேட்கிறார்கள். அங்கே ஜனக்கூட்டமும் படகும் வலையும் உண்டு. உப்பும் மணலும் மோட்டாரில் ஏறிவிடும். அறுவடை முடிந்த வயலில், நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, விடிகாலையில் விடுவதே நமக்கு நல்லது. வெயில் ஏறிக் கடல்காற்று எழுந்துவிட்டால் 800 கிராம் விமானத்தை அடக்குவது கஷ்டம். ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் நமக்கும் பொருந்தும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. வியாபார நோக்கமில்லாமல் அதை இயக்கப் பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியா) என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அங்கேயும் 400 அடிக்கு மேல் போகக்கூடாது. புதுச்சேரியிலிருந்து வரும் உறுப்பினர்கள் லாஸ்பேட்டை விமான நிலையத்தின் அருகே எக்காரணம் கொண்டும் பறக்கவிட வேண்டாம். பதிவு உள்ளிட்ட மற்ற விதிகளைத் துணைச்செயலாளர் அச்செடுத்து வைத்திருக்கிறார்.

லிப்போ பேட்டரியை முழு சார்ஜில், அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில், நாள்கணக்கில் வைக்காதீர்கள். 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வையுங்கள். உப்பிய பேட்டரியை யாரும் சார்ஜ் போடவே கூடாது. பெற்றோர்கள் இதை வீட்டில் கவனிக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து இயக்க, பயிற்சிக் கேபிளோடு இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் (ரிமோட்) ஒன்று வாங்க வேண்டும். மழைக்கு முன் மாடிக் கூரையைச் சீர்செய்ய வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். அதன் பிறகு இவ்விரண்டையும் விவாதித்து, இவ்வறிக்கையையும் அவை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
கடலூர்