காலாவதியான கலர் ரோலில் படம் எடுக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தேதி முடிந்த கலர் பிலிம் ரோல்கள் இப்போது நிறையப் பேர் கையில் இருக்கின்றன. மூடிய ஸ்டுடியோக்களின் மிச்சச் சரக்கு, பீரோவில் கிடந்த கோடக் கோல்டு, ஆன்லைனில் வாங்கிய ஃபியூஜி என்று பலவகை. இவற்றில் நல்ல படம் வரும். வராமல் போகும் ரோல்களில் பெரும்பாலானவை பழசானதால் கெட்டவை அல்ல, வெளிச்சம் போதாமல் கெட்டவை. அட்டையில் பிலிமின் வேகம் (ஐஎஸ்ஓ) 200 என்று போட்டிருப்பதால் கேமராவின் ஒளி மீட்டரையும் 200இல் வைத்து எடுத்துவிட்டு, ‘கொஞ்சம் கூடுதலாக டெவலப் செய்து கொடுங்கள்’ என்று கேட்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தைத்தான் மாற்றிக்கொள்ளச் சொல்கிறோம். கூட்ட வேண்டியதைக் கேமராவிலேயே கூட்டிவிடுங்கள்.

காரணம் இதுதான். கலர் நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளுக்கென்று தனித்தனி அடுக்குகள் உள்ளன. வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால், வெளிச்சமே படாத வெள்ளி உப்புத் துகள்களிலும் ஒரு பங்கு டெவலப்பரில் விழுந்ததும் கறுத்துவிடும் நிலைக்கு வந்துவிடும். இதைத்தான் ஃபாக் என்கிறோம். நெகட்டிவ் முழுவதும் ஒரு திரை போட்டது மாதிரி ஆகிவிடும். நிழல் பகுதிகள் நெகட்டிவில் மிக மெல்லிதாகப் பதிபவை என்பதால் அந்தத் திரை முதலில் விழுங்குவது அவற்றைத்தான். கூடவே பிலிமின் வேகமும் குறைந்திருக்கும். எடுக்கும்போதே கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் நிழல் விவரம் அந்தத் திரையைத் தாண்டி மேலே வந்து பதியும். கலர் நெகட்டிவ் இரண்டு, மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் வெளிச்சத்தை இரு மடங்காக்குவது; மீட்டரில் ஐஎஸ்ஓ எண்ணைப் பாதியாக்கினால் அது கிடைக்கும்) அதிக வெளிச்சத்தைத் தாங்கக்கூடியது; நம்மைக் காப்பாற்றுவது அந்தத் தாராளம்தான். டெவலப்பரில் நேரத்தைக் கூட்டினால் படத்தோடு ஃபாக்கும் ஏறும், துகளும் தடிக்கும், நிறக்கோளாறும் அதிகமாகும். அதனால் கலர் நெகட்டிவைக் கழுவும் வழக்கமான சி-41 முறைப்படி 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி என்பதை இந்த ரோல்களுக்கு மாற்றாமல் இருப்பதே நல்லது.

எவ்வளவு கூட்டுவது? பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் என்பது உலகெங்கும் சொல்லும் கணக்கு. 2006இல் தேதி முடிந்த 200 ரோல் என்றால் இரண்டு ஸ்டாப், அதாவது மீட்டரை 50இல் வையுங்கள். உச்சி வெயிலில் எஃப்/8, 1/250 விநாடி என்று வரும். ஆனால் இந்தக் கணக்கு, மிதமான சூட்டில் அறைக்குள் இருந்த ரோலுக்குத்தான் பொருந்தும். நம் ஊரில் வெயில் இறங்கும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே, பீரோவின் மேல்தட்டில், பல கோடைகளைப் பார்த்த ரோலுக்கு இன்னும் ஒரு ஸ்டாப் சேருங்கள். ஃப்ரிட்ஜிலேயே இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் பாதி போதும். ஃப்ரீசரில் இருந்த 100, 200 ரோல்களை அட்டையில் உள்ள வேகத்திலேயே, அல்லது அரை ஸ்டாப் கூட்டி எடுக்கலாம். தேதியைவிட ரோல் இருந்த இடம்தான் பெரிது. ஆகவே வாங்கும்போது விற்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

800, 1600 போன்ற வேகமான ரோல்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பூமியிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் எப்போதும் வந்துகொண்டிருக்கும் இயற்கைக் கதிர்வீச்சு அவற்றின் பெரிய துகள்களை வேகமாகப் பாதிக்கும். குளிர்ச்சி அதைத் தடுக்காது. பழைய 800 ரோலைவிட அதே வயதுள்ள 100 ரோலை நம்பி வாங்கலாம் என்பது எங்கள் கருத்து. எந்த ரோலானாலும் மூன்று ஸ்டாப்புக்கு மேல் கூட்டுவதில் பெரிய பயன் இல்லை. அதற்கும் அடங்காத ஃபாக் என்றால் அந்த ரோலின் ஆயுள் முடிந்துவிட்டது.

ஐஎஸ்ஓ டயல் இல்லாத ஆட்டோமேட்டிக் கேமரா, கேசட்டின் பக்கத்தில் உள்ள வெள்ளி, கறுப்புக் கட்டங்களைத் தடவிப் பார்த்து வேகத்தைத் தானே முடிவு செய்யும். இதற்கு டிஎக்ஸ் கோடு என்று பெயர். அந்தக் கட்டங்கள் மொத்தத்தையும் மின்காப்பு டேப்பால் மூடிவிட்டால் பெரும்பாலான கேமராக்கள் 100 என்று எடுத்துக்கொள்ளும். 400 ரோலுக்கு இதுவே இரண்டு ஸ்டாப் ஆகிவிடுகிறது. உங்கள் கேமரா என்ன செய்யும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காலாவதியான டிஸ்போசபிள் கேமராவில் ஷட்டரும் அப்பர்ச்சரும் மாறாதவை. அதில் கூட்டுவதற்கு வழியே இல்லை. நல்ல வெயிலில் மட்டும் எடுங்கள், பேட்டரி உயிரோடு இருந்தால் கிட்டத்து ஆட்களுக்கு ஃப்ளாஷ் போடுங்கள். அதைத் தயவுசெய்து வீட்டில் பிரிக்காதீர்கள். ஃப்ளாஷ் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம் பலமாக அடிக்கும்.

கேமராவில் போடும் முன் கேசட்டில் எந்த ப்ராசஸ் என்று அச்சிட்டிருக்கிறது என்பதைப் படியுங்கள். சி-41, ஃபியூஜியின் சிஎன்-16, கொனிகாவின் சிஎன்கே-4, அக்ஃபாவின் ஏபி-70 எல்லாம் ஒரே ப்ராசஸ்தான், தயங்காமல் கொண்டுவரலாம். சி-22 என்று இருந்தால் அது 1972இல் சி-41 வருவதற்கு முந்தைய தலைமுறை. ஏறக்குறைய 24 டிகிரியில் கழுவுவதற்காகச் செய்த எமல்ஷன் (பிலிமின் மேல் உள்ள ஒளியுணர் பூச்சு), 38 டிகிரித் தொட்டியில் இளகி உரிந்துவிடும். கோடக்கின் பழைய ஸ்லைடு பிலிமான கோடக்ரோமுக்குரிய கே-14 ப்ராசஸை உலகிலேயே கடைசியாகச் செய்துவந்த அமெரிக்க லேப், 2010 டிசம்பர் 30க்குப் பிறகு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. இந்த இரண்டு வகையிலிருந்தும் இனி நடைமுறையில் கறுப்பு-வெள்ளைப் படம் மட்டுமே கிடைக்கும். சினிமா பிலிமில் மிஞ்சிய துண்டைக் கேசட்டில் சுற்றியது என்றால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அதன் முதுகில் உள்ள கரிப்பூச்சு எங்கள் தொட்டியில் கரைந்தால், கூட இருக்கும் மற்றவர்களின் ரோல்களும் பாழ்.

ஸ்லைடு பிலிம், அதாவது ஈ-6, வேறு கதை. அதில் அதிக வெளிச்சம் கொடுத்தால் வெளிச்சப் பகுதி வெளுத்துப்போகும், போனது திரும்பாது. அரை ஸ்டாப்புக்கு மேல் கூட்ட வேண்டாம். கறுப்பு அடர்த்தி குறைந்து நிழல்கள் நிறம் ஏறித் தெரிவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரோலின் டப்பாவை உடனே திறக்காதீர்கள். நம் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பிலிமில் முத்து முத்தாகப் படியும். ஒன்றிரண்டு மணி நேரம் மூடியபடியே வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள். பழைய பிலிம் விறைத்துச் சுருண்டிருக்கும், ரோலின் முடிவில் லீவரை இழுத்து அழுத்தினால் துளைகள் கிழியும். திருப்பிச் சுற்றும்போதும் மெதுவாகச் சுற்றுங்கள். காகிதத்தோடு சேர்த்துச் சுற்றிய அகலமான 120 ரோலில் இன்னொரு தொல்லை உண்டு: ஈரம் பட்ட காகிதத்தின் எண்களும் புள்ளிகளும் படத்திலேயே பதிந்துவிடும். வானம் போன்ற வெறும் பரப்பில் அது நன்றாகத் தெரியும் என்பதால், அந்த ரோலில் இலை, செடி, கூட்டம் மாதிரி நெருக்கமான காட்சிகளை எடுப்பது நல்லது.

ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து பல ரோல் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதனைக்குச் செலவிடுங்கள். நிழலும் வெயிலும் ஒரு முகமும் உள்ள ஒரே காட்சியை அட்டையில் உள்ள வேகத்தில் மீட்டர் காட்டியபடி ஒன்று, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டாப் கூட்டி மூன்று என நான்கு ஃப்ரேம் எடுங்கள். நிழலில் தலைமுடியின் இழை பிரிந்து தெரியும் முதல் ஃப்ரேம் எதுவோ, அதுதான் மற்ற ரோல்களுக்கும் கணக்கு. எமல்ஷன் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஒன்றாக இருந்து, ஒரே இடத்தில் கிடந்த ரோல்களுக்கு மட்டுமே இது செல்லும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அடுக்குகள் ஒரே வேகத்தில் முதுமை அடைவதில்லை. அதனால் நிழல் பச்சையாகவும் வெளிச்சப் பகுதி மெஜந்தாவாகவும் (ஊதா கலந்த சிவப்பு) வரலாம். ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் சாயும். ஸ்கேனரின் ஆட்டோவை நம்பினால் இது இன்னும் மோசமாகும். கேட்பவர்களுக்கு நிறம் திருத்தாத 16 பிட் டிஃப் ஃபைலாகவே தருகிறோம். அதில் ஃப்ரேம்களுக்கு இடையே உள்ள வெற்றுப் பிலிமைக் கறுப்பாக வைத்துக்கொண்டு, எடிட்டிங் மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் வளைவுகளையும் (கர்வ்ஸ்) தனித்தனியே சரிசெய்யுங்கள். பச்சையில் தொடங்கினால் வேலை சுலபம். முகத்தின் நிறம் சரியாக வந்ததும் நிறுத்திவிடலாம், நிழலில் கொஞ்சம் சாயல் மிஞ்சினால் இருக்கட்டும்.

பழைய ரோல் என்று நீங்கள் சொல்வதால் எங்கள் பக்கமும் ஒரு வேலை மாறுகிறது. 2000க்கு முன் தயாரான சி-41 பிலிம்கள் பலவற்றில் மெஜந்தாச் சாயம் நிலைக்க, கடைசிக் கழுவலில் ஃபார்மலின் சேர்ந்த ஸ்டெபிலைசர் வேண்டும். இப்போதைய ஃபைனல் ரின்சில் அது இல்லை. சொல்லாமல் கொடுத்தால் நெகட்டிவ் இன்றைக்கு நன்றாக இருந்துவிட்டு, சில வருடங்களில் நிறம் மங்கத் தொடங்கும்.

யாரோ எப்போதோ எடுத்து, கழுவாமலே விட்ட ரோல் கிடைத்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. பதிந்த வெளிச்சம் பதிந்ததுதான். அதுவும் ஆண்டுகள் போகப்போகக் கரையும். மிகப் பழையதாக இருந்தால் கலரை விட்டுவிட்டு, ஃபாக்கை அடக்கும் பென்சோட்ரையசோல் சேர்த்த கறுப்பு-வெள்ளை டெவலப்பரில் கழுவுவதையே நாங்கள் சொல்வோம். கழுவும் முன் உங்களிடம் கேட்டுக்கொள்வோம்.

ரோலைக் கொடுக்கும்போது ஒரு சீட்டில் நான்கு விஷயம் எழுதிச் சுற்றிக் கொடுங்கள்: அட்டையில் இருந்த தேதி, அச்சிட்ட ஐஎஸ்ஓ, நீங்கள் மீட்டரில் வைத்த ஐஎஸ்ஓ, ரோல் இத்தனை நாளும் இருந்த இடம். இடம் தெரியவில்லை என்றால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பிலிம் டெவலப்பிங் பிரிவினர்