‘வேலை செய்யவில்லை’ என்று எழுதிய தாளுக்கு நன்றி

ஜூன் மாதம் எங்கள் வீட்டில் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. ஆகஸ்ட் வந்துவிட்டது, சின்னவன் ராத்திரி தூங்குகிறான். அதனால் நானும் தூங்குகிறேன்.

முதலில் எல்லோருக்கும் மொத்தமாக. சின்னவன் மாதிரித் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான கோடைத் திட்டம் பள்ளியில் இல்லை என்று ஆனபோது கையில் மிஞ்சியது வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் 40 மணி நேரம்தான். சம்பளம் அயர்லாந்து அரசு தரும், ஆளை நாம்தான் தேட வேண்டும். (பேர் மாறி வருஷங்கள் ஆகியும் நமக்கு அது இன்னும் ‘ஜூலை புரொவிஷன்’தான்.) ஆள் தேடி ஊர் ஊராகப் போன் போட்ட கார்க் நண்பர்கள், நைட் டியூட்டியை மாற்றிக்கொண்டு பெரியவளைப் பார்த்துக்கொண்ட டிரலி அக்கா, சாம்பார்த் தூக்கை வாசலில் வைத்துவிட்டு மணி அடிக்காமலே போன பக்கத்துத் தெருக்காரர்கள், கடைசியில் வந்து சேர்ந்த டீச்சர். எல்லோருக்கும் நன்றி.

நான் எழுத உட்கார்ந்தது இன்னொருவரைப் பற்றி. அவருக்குத் தமிழ் தெரியாது.

கடைக்குப் போய்த் தானே கேட்டு வாங்கப் பழகட்டும் என்று செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு டீச்சர் அவனை ஒரு காபிக் கடைக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். ஆறே மேஜை. விலைப்பட்டியலில் பழைய விலையைப் பேனாவால் அடித்துப் புதுசு எழுதியிருந்தது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் ஓடியது, கழிவறையில் யாரோ கை உலர்த்தும் மெஷினை அழுத்தினார்கள். சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். பால் ஜாடி கவிழ்ந்தது. கடைக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை, துடைத்தார். இனி இந்தப் பக்கம் வர முடியாது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

டீச்சர் விடவில்லை. அடுத்த செவ்வாயும் போனோம். கல்லாப் பக்கத்தில் ஒரு தகர டப்பா, அதில் முன்கூட்டியே அரைத்து வைத்த காபித் தூள். கை உலர்த்தும் மெஷின் மேல் ‘வேலை செய்யவில்லை’ என்று ஒரு தாள், கீழே துடைக்கக் காகிதக் கட்டு. பாவம், பழுதாகிவிட்டது போல என்றுதான் நினைத்தேன். மூன்றாம் வாரம் குடையை மறந்துவிட்டு அரை மணி கழித்துத் திரும்பிப் போனால், தாளைக் காணோம், மெஷின் ‘கொய்ங்’ என்று ஓடுகிறது. அந்த அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

ஜூலையில், கில்லார்னியில், பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கும் ஊரில், வாரத்துக்கு அரை மணி நேரம் மெஷினை நிறுத்துவது சின்ன விஷயமில்லை. இதற்கு நடுவே கடைக்கு வரி வேறு ஏறியது: கொரோனாக் காலத்தில் 9 சதவீதமாகக் குறைத்த ஓட்டல், உணவக வாட் வரி, 2023 செப்டம்பர் 1 முதல் மறுபடி 13.5 ஆனது. “நல்லது, அந்தப் பணத்தில் நம் பிள்ளைகளுக்குக் கோடையில் ஆள் போடட்டும்” என்று நம் குழுவில் அன்றைக்கு எழுதியவள் நான்தான். ஓட்டல் கிச்சனில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அன்று ராத்திரி என்னோடு பேசவே இல்லை. ஜூலை வந்தால் ரூம் வாடகையை ஏற்றும் பெரிய ஓட்டல்களுக்கு அந்தச் சலுகை எதற்கு என்று இப்போதும் கேட்பேன். ஆனால் ஆறு மேஜைக் கடையையும் அதே தராசில் வைத்தேன் பாருங்கள், அது என் தப்பு. அடுத்த முறை வரி பற்றிப் பேச்சு வந்தால் அந்தக் கடைக்காகவும் சேர்த்துப் பேசுவேன்.

கடைசிச் செவ்வாய் அவன் தானே “டோஸ்ட், ப்ளீஸ்” என்றான். அந்த அம்மா டோஸ்ட்டோடு அந்தத் தாளையும் மடித்து அவன் கையில் கொடுத்தார். இப்போது அது எங்கள் மிக்சி மேல் ஒட்டியிருக்கிறது. எடுக்க விடமாட்டேன் என்கிறான். பத்து நாளாக வீட்டில் சட்னி கிடையாது, இட்லிப் பொடிதான்.