எந்தப் பலகோணத்தில் தொடங்கினாலும்

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே மழை விட்டபாடில்லை. அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

இப்போது கணிதத்தில் என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். பலகோணங்களின் பக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஜோடி ஜோடியாக, முறுக்காமல் ஒட்டினால் என்ன மேற்பரப்பு கிடைக்கும் என்பதைத்தான். அல்சூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கணக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களிடம் ஒரு சதுரத் தாளைக் கொடுத்தேன். ஜோடி சேர்க்க மூன்றே வழிகள். அடுத்தடுத்த பக்கங்களைச் சேர்க்கும் இரண்டு வழிகளில் உருண்டை கிடைக்கும். எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்தால் உளுந்து வடை! தாள் கசங்கத்தான் செய்கிறது, ஆனால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் வந்து கூடுவது கண்ணுக்குத் தெரிகிறது.

இதையே ஒரு கோடி முக்கோணங்களை வைத்துச் செய்தால், மூன்று கோடி மூலைகளும் கூடிக்கூடி, சராசரியாக இருபதுக்கும் குறைவான உச்சிகளே, அதாவது மூலைகள் கூடும் புள்ளிகளே, மிஞ்சும். மொத்தப் பக்கங்கள் அதே அளவாக இருந்தால், முக்கோணங்களுக்குப் பதில் ஐங்கோணங்களில் தொடங்கினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இந்தப் பொதுமையைச் சுமுதோவ், பிட்டல் என்ற கணிதவியலாளர்கள் காட்டினார்கள்; 2019இல் புட்ஜின்ஸ்கி, குரியன், பெட்ரி மூவரும் வேறு வழியில் அணுகி, ஒட்டிய விளிம்புகளும் உச்சிகளும் சேர்ந்த வலையான கோட்டுருவின் மற்றப் பண்புகளுக்கும் அது பொருந்துவதை நிறுவினார்கள்.

காரணம்தான் என்னை உருக்கிவிட்டது. ஆயிரம் பக்கங்கள் ஒட்டாமல் எஞ்சியிருக்கின்றன என்று வை. ஒன்றை எடுக்கிறாய். அதன் துணை, பக்கத்திலேயே இருக்கும் இரண்டில் ஒன்றாக அமைந்தால்தான் ஓர் உச்சி மூடும். வாய்ப்பு 999இல் 2. எஞ்சியவை எத்தனை என்பது மட்டுமே இந்தக் கணக்கில் வருகிறது. அவை எந்தப் பலகோணத்திலிருந்து வந்தன என்பது வருவதே இல்லை! ஒவ்வொரு படியிலும் வரும் இந்தச் சிறு பின்னங்களைக் கூட்டினால், மிக மெதுவாக வளரும் மடக்கை (log) கிடைக்கிறது. உச்சிகள் அவ்வளவு குறைந்துபோவது அதனால்தான். ஒரு பக்கம், இரண்டு பக்கம் மட்டுமே உள்ள பலகோணங்களுக்கு இரண்டு அண்டைப் பக்கங்கள் கிடையாது. அவை மிகுந்துவிடக் கூடாது என்ற நிபந்தனையும் இங்கிருந்தே வருகிறது.

இன்னொன்று. விளிம்புகளின் நுனிகளில் சராசரியாக 62 விழுக்காடு ஒரே உச்சியில் போய்ச் சேர்கின்றன. தற்செயல் வரிசைமாற்றத்தில், அதாவது சீட்டுகளைக் குலுக்கி இடம் மாற்றும்போது, ஒன்றின் இடத்துக்கு இன்னொன்று என்று சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும் சுழற்சிகளில் மிக நீண்டதன் சராசரிப் பங்கும் அதே எண்தான். நாம் விடுதியில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய கணக்கு நினைவிருக்கிறதா?

உன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அறுகோணத்தைக் கொடுத்துப் பார். 15 வழிகளில் 5 உருண்டை, 10 வடை வரவேண்டும். எண்கோணத்தில் 105 வழிகள். அதில் இரண்டு துளை உள்ளவை 21. அவற்றைப் பிள்ளைகள் எப்படித் தேடினார்கள் என்று விரிவாக எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்