மிதிவண்டிச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழை நாட்கள் தவிர, ஞாயிறு காலைப் பயணங்கள் தடையில்லாமல் நடந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரையும், இரண்டு முறை மாமல்லபுரம் வரையும் போய்வந்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது ஒரு விபத்தைப் பற்றி.

ஆகஸ்டில் ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, சட்டென்று இடப்பக்கம் திரும்பிய கார் ஒன்று நம் மூத்த உறுப்பினரை இடித்துத் தள்ளியது. கார்காரர் ஓடிவிடவில்லை. தூக்கி உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், வளைந்த சக்கரத்துக்கு இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்தார். ரோந்து போலீஸார் வந்ததும், "எனக்கு ஒன்றுமில்லை, கேஸ் வேண்டாம்" என்று நம்மவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று இரவு கையைத் தூக்க முடியவில்லை. காறை எலும்பு முறிந்திருந்தது. கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் மருத்துவமனையிலும் "சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன்" என்றே சொல்லியிருக்கிறார். அவர்களும் அப்படியே பதிந்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து நானும் அவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். "நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்?" என்றார்கள். "இந்த வயதில் மெயின் ரோட்டில் எதுக்கு சைக்கிள்?" என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தச் சாலை அவருக்கும் உரியதுதான். புகாரை வாங்கவில்லை. அப்புறம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவைக் குறிப்பிட்டு, மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினோம். அதன் பிறகே கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். அதில் "சைக்கிள் திடீரென வலப்பக்கம் வந்ததால்" என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போடும் முன் படித்ததால் திருத்த முடிந்தது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். கேட்டு வாங்கினோம்.

"கார்காரர் பாவம்" என்ற எண்ணம்தான் நம்மில் பலரைத் தடுக்கிறது. வழக்குப் பதிந்தால் அவர் வீட்டுப் பணம் போய்விடும் என்று நினைக்கிறோம். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். சைக்கிளுக்கு லைசென்ஸோ இன்சூரன்ஸோ தேவையில்லை. அவை இல்லை என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டாலும் புகார் கொடுங்கள். அடையாளம் தெரியாத வண்டியால் படுகாயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும், உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சமும் தரும் திட்டம் இருக்கிறது.

யாராவது விழுந்தால் முதலில் 108. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த வண்டி இடித்தது என்று டாக்டரிடம் சொல்லி, ஏ.ஆர். எனப்படும் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். படம் எடுக்கும் வரை சைக்கிளை ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். உதவிக்கு நிற்பவர், விருப்பமில்லை என்றால், பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

இழப்பீட்டு மனுவுக்கு 6 மாதக் கெடு. நாம் 11 நாள் மிச்சமிருக்கும்போதுதான் தாக்கல் செய்தோம். காப்பீட்டு நிறுவனம் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது மருத்துவமனைப் பதிவிலுள்ள 'விழுந்தார்' என்ற ஒரு சொல்லைத்தான். அடுத்த விசாரணைக்கு அவருடன் தீர்ப்பாயத்துக்கு வர இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்