பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் ஊர்ப் புத்தகம் ஒன்று வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் வாரமலரின் நூல் அறிமுகப் பகுதியைத் தவறாமல் வாசிக்கிறேன். கவிதை, நாவல், போர்க்கால நினைவுகள், ஊர் வரலாறு என்று நிறைய வருகின்றன. கர்ப்பம், பிரசவம், தாதியம் பற்றிய ஒரு புத்தகம் அதில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உங்களைக் குறை சொல்ல வரவில்லை. அறிமுகப்படுத்த ஒன்று இருந்தால்தானே நீங்களும் போடுவீர்கள்?

என் பெறாமகள் முதற்பிள்ளையைச் சுமக்கிறாள். தமிழில் நல்ல புத்தகம் ஒன்று வாங்கித் தாங்கோ சித்தி என்று கேட்டாள். யாழ்ப்பாணம் நகரத்துக் கடைகளில் தேடினேன். அகப்பட்டவை எல்லாம் தமிழ்நாட்டுப் பதிப்புகள். சிலவற்றில் விஷயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை சொல்வது அங்குள்ள அரசாங்கத் திட்டங்களையும் அங்குள்ள ஆஸ்பத்திரி நடைமுறைகளையும். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் (ஊர் மருத்துவிச்சி) வீடு தேடி வந்து என்ன பார்க்கிறார், கிளினிக்கில் தரும் பதிவேட்டை எப்படி வாசிப்பது, திரிபோஷா சத்துமாவை யார் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் எப்படி இருக்கும்? சிலவற்றில் பாதிப் பக்கம் நட்சத்திரத்துக்கு ஏற்ற பெயர்ப் பட்டியல்தான். கடைசியில் பிள்ளை யூரியூப்பில் தேடத் தொடங்கிவிட்டாள்.

இத்தனைக்கும், பிரசவ வைத்தியத்தைத் தமிழில் அச்சுப் புத்தகமாகக் கண்ட ஊர் இது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டே எங்கள் இளைஞர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். டப்ளின் வைத்தியர் மோன்செலின் மகப்பேற்று நூலை 1857இல் தமிழில் கொண்டுவந்தார். பிறகு அறுவைச் சிகிச்சை, உடற்கூறு, இரசாயனம் என்று தடித்த தடித்த புத்தகங்கள் வந்தன. 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். அவர் வந்த அதே 1847இல்தான் வியன்னாவில் செம்மெல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவ வார்ட்டுக்குள் போகிறவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவவேண்டும் என்று கட்டளை போட்டார். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில் பத்துத் தாய்மாருக்கு ஒருவர் என்ற அளவில் இறந்துகொண்டிருந்த வார்ட்டில் சாவு சில மாதங்களிலேயே வெகுவாகக் குறைந்தது. பிரசவ அறையில் என்ன நடக்கிறது என்பதை உலகம் புதிதாகப் படிக்கத் தொடங்கிய காலம் அது. எங்கள் ஆட்களும் அப்போது சொந்த மொழியில் படித்தார்கள். 1978இலிருந்து மருத்துவ பீடம் இயங்குகிற ஊரில், இன்றைக்கு ஒரு கர்ப்பிணியின் கையில் கொடுக்க எங்கள் ஊர்ப் புத்தகம் ஒன்று அகப்படவில்லை என்பது எனக்குப் பெரிய வேதனை.

வார்ட்டில் வேலை செய்த காலத்தில் திரும்பத் திரும்பக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இரும்புச்சத்துக் குளிசையை விழுங்கிய கையோடு தேத்தண்ணி குடிப்பார்கள். தேயிலையில் உள்ள தனின் என்ற பொருள் அந்த இரும்பை உடம்பில் நன்றாகச் சேரவிடாது. கல்சியக் குளிசையையும் அதனோடு சேர்த்துப் போடக்கூடாது, வேறு நேரத்தில் போடவேண்டும். தோடம்பழச் சாறோ தேசிக்காய்த் தண்ணியோ குடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். சனம் நிறைந்த கிளினிக் நாளில் மிஸ் இதை ஒரு வரியில் சொல்வார், வீட்டுப் படலையைத் திறக்கும்போதே மறந்துபோகும். புத்தகத்தில் இருந்தால் மாமியும் வாசிப்பார், புருஷனும் வாசிப்பார்.

பிறசர் (இரத்த அழுத்தம்) விஷயம் இதைவிடப் பாரதூரமானது. 20 கிழமைக்குப் பிறகு 140/90க்கு ஏறினால் கவனிக்க வேண்டும் என்று பலருக்குத் தெரியும். விடாத தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், மேல்வயிற்று நோ கண்டால் விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகும் இந்தப் பிறசரால் வலிப்பு வரலாம் என்பது படித்த குடும்பங்களுக்கே தெரிவதில்லை. ஆஸ்பத்திரியால் வந்தாயிற்று, இனி ஆபத்து இல்லை என்று நினைக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் துணி முழுதாக நனைகிற இரத்தப்போக்கு, காய்ச்சல், ஒற்றைக் காலில் வீக்கமும் நோவும் எல்லாம் வீட்டில் இருக்கும்போதும் வரலாம்.

பத்தியம் பற்றிய அத்தியாயத்தை எங்கள் ஊர் ஆள்தான் எழுத முடியும். சரக்கரைத்த கறி, உள்ளி, நல்லெண்ணெய், பால்சுறா, முருங்கையிலை வறை இவற்றில் என்ன குற்றம்? பெற்றவளுக்குப் புரதம் கிடைக்கிறது. 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை அவளை அடுப்படிப் பக்கம் விடாமல் வைத்திருந்ததில் அவளுக்கு ஓய்வும் கிடைத்தது. ஆனால் பாலூட்டுகிறவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது பிழை. சீம்பாலைப் பிழிந்து ஊற்றுவது பிழை. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது ஆபத்து. ஒரு வயதுக்கு முன் தேனே கூடாது. பத்தியத்தைப் பழசு என்று ஒரே வரியில் தள்ளுகிற புத்தகத்தை எங்கள் அம்மம்மாமார் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள். எது சரி, எது பிழை, ஏன் என்று மரியாதையோடு சொன்னால் கேட்பார்கள். கேட்டதை நான் கண்டிருக்கிறேன்.

மனதைப் பற்றியும் எழுதவேண்டும். பிள்ளை பெற்றவள் காரணம் இல்லாமல் அழுதால் காத்துக் கறுப்பு என்று நூல் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் உலகமெங்கும் தாய்மாரிடம் கேட்கப்படுகின்றன. அப்படியான கேள்விகள் புத்தகத்தில் இருந்தால் ஒரு தங்கச்சியாவது அக்காவைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போவாள்.

தாதிய மாணவிகளுக்கும் தமிழில் வாசிக்க வேண்டியவை இருக்கின்றன. தாதியர் தினமான மே 12 வந்தால் பத்திரிகைகள் தாதியத்தின் முன்னோடி நைட்டிங்கேலை விளக்கோடு படம் போடுகின்றன. லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சிகளைப் பயிற்ற அவர் ஏற்பாடு செய்த வார்ட்டு, பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் பரவியதால் 1867இல் மூடப்பட்டது. அவர் அதோடு விடவில்லை. எங்கெங்கே எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்று கணக்குத் திரட்டி 1871இல் ஒரு புத்தகம் எழுதினார். எனக்கு அந்த விளக்கைவிட இந்தக் கணக்குத்தான் பெரிது. வருடா வருடம் போடும் அந்தப் படத்தோடு இதையும் நாலு வரி எழுதினால் என்ன?

எங்கள் மருத்துவிச்சிமாரும் தாதிமாரும் தாங்கள் கண்டதை எழுதி வைத்தது மிகக் குறைவு. இங்கிலாந்தில் ஜேன் ஷார்ப் என்ற மருத்துவிச்சி 1671இலேயே புத்தகம் போட்டுவிட்டார். இனுவிலில் 1898இலிருந்து பெண்களுக்கென்றே மக்லியோட் ஆஸ்பத்திரி இருந்தது. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது கர்ப்பிணிகளும் நடந்தார்கள், அவர்களோடு மருத்துவிச்சிகளும் நடந்தார்கள். நாற்பதுகளின் நடுப்பகுதியில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 1,500 அளவில் தாய்மார் இறந்தார்கள். இப்போது அது 30 அளவில் நிற்கிறது என்றால் அதில் பெரிய பங்கு சைக்கிளில் வீடு வீடாகப் போன இந்தப் பெண்களுடையது. அவர்களுக்கு வயது போகிறது. ஒருவர் ரெக்கோடரோடு போய் இருந்து கேட்டு எழுதவேண்டும், அதுவும் கெதியாக.

ஆசிரியர் அவர்களே, வாரமலரில் கிழமைக்கு அரைப் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். மருத்துவ பீடத்து விரிவுரையாளர்களிடமும் ஓய்வுபெற்ற சிஸ்டர்மாரிடமும் கேட்டால் எழுதித் தருவார்கள். ஒரு வைத்தியர் சரிபார்த்த பிறகே அச்சில் போடவேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒரு வருடத்தில் அது தொகுத்துப் புத்தகமாக்கும் அளவுக்கு வந்துவிடும். மாணவிகளுக்குப் படிப்பிக்க நான் தமிழில் எழுதி வைத்த கொப்பிகள் சில என்னிடம் இருக்கின்றன. பயன்படும் என்றால் உங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
சண்டிலிப்பாய்.